வெள்ளிக்கிழமை ராத்திரி லைட் விஷயம்: ரூம்மேட்டுக்கு கோவமா?

கோவம் இல்ல ப்ரோ. நீங்க பாத்ரூம் லைட்ட ஆஃப் பண்ணதும் உங்க யூத ரூம்மேட் வாயே திறக்காம இருட்டுல போனாருன்னு எழுதியிருக்கீங்கல்ல, அதுக்குக் காரணம் சப்பாத், அதாவது வெள்ளி சாயங்காலத்துல இருந்து சனி ராத்திரி வரைக்கும் யூதர்களோட வாராந்திர ஓய்வு நாள். சப்பாத்த கறாரா கடைபிடிக்கிற யூதர்கள் அந்த நேரத்துல சுவிட்ச் தொட மாட்டாங்க, "போட்டு விடு"ன்னு உங்ககிட்ட நேரடியா கேக்கவும் கூடாது, அதான் கம்முனு இருந்திருப்பாரு.

உங்க தேவைக்கு நீங்க லைட் போட்டா அந்த வெளிச்சத்துல அவரும் போய்க்கலாம், அவருக்காகன்னே போட்டாதான் சிக்கல். அதனால நீங்க போயிட்டு வந்துட்டு அப்படியே எரிய விட்ருங்க.

வியாழக்கிழமையே உக்காந்து பேசிடுங்க. எந்தெந்த லைட் எரியணும், ஃப்ரிட்ஜ் திறந்தா பல்பு எரியுதே அதுக்கு என்ன, கார்டு தேய்ச்சு திறக்கிற கதவுக்கு என்ன வழின்னு. சுவிட்ச் மேல ஒரு டேப் ஒட்டிட்டா ரெண்டு பேருக்கும் நிம்மதி (தூக்கக் கலக்கத்துல கை தானா போகும்). நேரமும் கேட்டுக்கங்க, வெள்ளிக்கிழமை பொதுவா சூரியன் மறையறதுக்கு 18 நிமிஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடுவாங்க, நியூயார்க் பக்கம்னா டிசம்பர்ல சாயங்காலம் 4:10க்கே, முடியறது சனிக்கிழமை நல்லா இருட்டினப்புறம்.

ஆனா எல்லா யூத ஸ்டூடண்ட்ஸும் இப்படி இல்ல, பல பேர் வெள்ளிக்கிழமை ஹில்லெல்ல (காலேஜ்ல இருக்கிற யூத மாணவர் அமைப்பு) டின்னர் சாப்ட்டுட்டு போன் நோண்டிட்டுதான் இருப்பாங்க. அதனால இவர் வழக்கம் என்னன்னு இவர்கிட்டயே கேளுங்க. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் எதையும் யோசிக்காம லைட் போடுங்க, 911க்கு (அமெரிக்க அவசர உதவி நம்பர்) கூப்பிடுங்க, அதுக்கு அவங்க மதச் சட்டமே வழி விடுது.