பூட்டைப் பலமுறை இழுத்துப் பார்ப்பது பதற்றமா, ஓசிடியா?

மாம்பலம் ரயில் நிலையம் வரை வந்த பின்னும், வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்க்கத் திரும்பத் திரும்ப ஓடுவது பதற்றக் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, 2013-இல் வெளியானபோது, ஓசிடியை (வேண்டாத எண்ணமும் அதைத் தணிக்கும் கட்டாயச் செயலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு) பதற்றக் கோளாறுகளிலிருந்து பிரித்துத் தனி வகையாக்கியது. பொதுப் பதற்றக் கோளாறில் பணம், உடல்நலம், பிள்ளைகளின் படிப்பு என்று கவலை தாவிக்கொண்டே 6 மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்கும். பீதித் தாக்குதல் என்பது திடீரென எழும் கடும் அச்சம்; அது மாரடைப்போ என்று அஞ்சும் அளவுக்குச் சில நிமிடங்களில் உச்சம் தொடும். ஓசிடியில், வேண்டாத எண்ணம் ஒன்று வலிய வந்து நிற்க, அதைத் தணிக்கவே பூட்டை இழுக்கிறோம்; அந்தக் கணநேர நிம்மதிதான் அடுத்த முறையும் இழுக்க வைக்கிறது. ஆகவே சிகிச்சையில், திரும்பிப் போகாமல் அந்தத் தவிப்பைத் தாங்கப் படிப்படியாகப் பழக்குவார்கள்; தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலோ, 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை) எண்ணிலோ தயங்காமல் ஆலோசனை கேளுங்கள்.