கேளுங்கள், சொல்கிறோம்: சின்னப் பிள்ளைகளின் போட்டிக் கணக்கு

தரம் 2 முதல் 5 வரையான பிள்ளைகளுக்கு நடக்கும் கணிதப் போட்டிகள் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இம்முறை எடுத்திருக்கிறோம். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: மகள் தரம் 3. பள்ளிக்கூடக் கணக்கில் நூற்றுக்கு நூறு எடுக்கிறாள். போட்டி மாதிரி வினாத்தாளைக் கொடுத்தால் பாதிக்கு மேல் பிழை. கூட்டல், கழித்தல் எல்லாம் சரியாகத்தான் செய்கிறாள். எங்கே பிழைக்கிறது? (தாய் ஒருவர், கல்லடி)

கூட்டல், கழித்தல் சரி என்றால் பிழை அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது, வாசிக்கும்போது. பள்ளிக்கூடக் கொப்பியில் ஒரு பக்கம் முழுக்கக் கூட்டல், அடுத்த பக்கம் முழுக்கக் கழித்தல். அங்கே பிள்ளை வசனத்தை வாசிக்கவே தேவையில்லை. இரண்டு எண்ணைப் பொறுக்கி எடுத்தால் போதும். போதாததற்கு, ‘மொத்தம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி’ என்று பெரியவர்களும் குறுக்குவழி சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். போட்டிக்குக் கணக்கு எழுதுகிறவர் குறிவைப்பது இந்தப் பழக்கத்தைத்தான்.

இதைக் கொடுத்துப் பாருங்கள்: ‘அக்காவிடம் 12 புளியங்கொட்டை இருக்கிறது. அது தம்பியிடம் இருப்பதை விட 4 கூட. இருவரிடமும் மொத்தம் எத்தனை?’ மகள் 16 என்று சொன்னால், கண்ணில் பட்ட இரண்டு எண்ணையும் கூட்டியிருக்கிறாள். 28 என்று சொன்னால், ‘கூட’ என்பதைக் கண்டதும் தம்பிக்கு 16 கொடுத்திருக்கிறாள். தம்பியிடம் இருப்பது 8, ஆகவே விடை 20. பிழை விடையே பிள்ளை எங்கே சறுக்கினாள் என்பதைக் காட்டிக் கொடுக்கும். அதனால் அதை அழிறப்பரால் அழிக்க விடாதீர்கள். ஒரு கோடு கீறி வெட்டிவிட்டுப் பக்கத்தில் புதிதாக எழுதச் சொல்லுங்கள்.

திருத்தும் வழி: எண்களைக் கையால் மறைத்துவிட்டு, ‘யாரிடம் கூட இருக்கிறது?’ என்று முதலில் கேளுங்கள். ‘அக்காவிடம்’ என்று வந்த பிறகு இரண்டு பட்டை கீறச் சொல்லுங்கள், அக்காவுக்கு நீளம், தம்பிக்குக் கட்டை. நீண்டு நிற்கும் துண்டுக்குள் 4 என்று எழுதட்டும். 12ஐ எங்கே எழுதுவது என்று அவளே தேட வேண்டும். நீங்கள் விரலை நீட்டிக் காட்டினால் அந்தக் கணக்கு உங்களுடையதாகிவிடும்.

கேள்வி: ‘20 மீற்றர் நீளமான நேர் வேலிக்கு 4 மீற்றருக்கு ஒரு கட்டை, இரண்டு முனையிலும் கட்டை உண்டு, மொத்தம் எத்தனை?’ மகன் 5 என்றான். விடை 6. ‘வகுத்துவிட்டு ஒன்றைக் கூட்டு’ என்று சொல்லிக் கொடுத்தேன். அடுத்த கணக்கில் அதுவும் பிழைத்துவிட்டது. (தந்தை ஒருவர், அக்கரைப்பற்று)

பிழைக்கத்தான் செய்யும். 20ஐ 4ஆல் வகுத்தால் வருவது இடைவெளிகளின் எண்ணிக்கை, கட்டைகளின் எண்ணிக்கை அல்ல. இடைவெளி 5 என்பது மாறாது. முனைகளில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கட்டைதான் கூடும், குறையும். இரண்டு முனையிலும் கட்டை என்றால் 6. ஒரு முனை வீட்டுச் சுவரில் முட்டினால் 5. இரண்டு முனையும் சுவர் என்றால் 4. இதே 20 மீற்றர் கிணற்றைச் சுற்றி வட்டமாக வந்தால் 5, ஏனென்றால் கடைசிக் கட்டையும் முதல் கட்டையும் ஒன்றுதான். ‘ஒன்றைக் கூட்டு’ என்பது இந்த நான்கில் ஒன்றுக்கு மட்டும் பொருந்துகிறது.

மரம் வெட்டும் கணக்கும் இதே இனம். ஒரு மரத்தை 6 துண்டாக்க வேண்டும், ஒரு வெட்டுக்கு 3 நிமிடம். பிள்ளைகள் 18 என்பார்கள். வெட்டு 5தான், ஆகவே 15 நிமிடம். திகதிக் கணக்கும் அப்படியே: 5ஆம் திகதி தொடக்கம் 12ஆம் திகதி வரை, இரண்டு நாளும் சேர்த்து, 7 நாள் அல்ல, 8.

கையை விரித்துக் காட்டுங்கள்: விரல் 5, இடைவெளி 4. பிறகு முற்றத்தில் ஆறு தடியை ஊன்றிக் கயிற்றைக் கட்டி, தடியையும் இடைவெளியையும் தனித்தனியாக எண்ண விடுங்கள். ஒரு தடியைப் பிடுங்கிச் சுவரோடு கட்டி மீண்டும் எண்ணச் சொல்லுங்கள். எண் பெரிதாக வந்தால், உதாரணமாக 100 மீற்றர், முதலில் 8 மீற்றர் வேலிக்குப் படம் கீறிப் பார்க்கப் பழக்குங்கள். சின்ன எண்ணில் நடந்ததுதான் பெரிய எண்ணிலும் நடக்கும்.

கேள்வி: தரம் 4 மாணவருக்கு ஆடு, கோழி, தலை, கால் கணக்கை அட்சரகணிதம் இல்லாமல் எப்படிக் கற்பிப்பது? (ஆசிரியர், சம்மாந்துறை)

உதாரணத்துக்கு 10 தலை, 28 கால் என்று வைத்துக்கொள்வோம். பத்து வட்டம் கீறட்டும், அவை தலைகள். ஆடோ கோழியோ, எதற்கும் இரண்டு காலாவது உண்டு. ஆகவே ஒவ்வொன்றுக்கும் இரண்டு கோடு போட்டால் 20 கால் முடிந்தது. மிச்சம் 8. அதை இரண்டு இரண்டாகக் கொடுத்துக்கொண்டு போனால் நான்கு வட்டத்தோடு தீரும். நான்கு ஆடு, ஆறு கோழி. சரிபார்க்க: 16 + 12 = 28.

வகுப்பில் இரண்டு இடத்தில் இடறும். மிச்சம் 8 என்று வந்ததும் சிலர் 8 ÷ 4 = 2 ஆடு என்று எழுதிவிடுவார்கள், ஆட்டுக்கு நாலு கால் என்ற நினைப்பில். ஏற்கெனவே இரண்டு கால் கொடுத்தாயிற்று என்பது மறந்துபோகும். இன்னும் சிலர் படத்திலேயே நாலு கோட்டைப் போட்டு ஆறு கால் மிருகம் ஒன்றைக் கீறிவிடுவார்கள். வகுப்பே சிரிக்கும், சிரிக்கட்டும், அந்தப் படம் பிழையைத் தானே சொல்லிவிடும். சரிபார்க்கும் வரியைக் கட்டாயமாக்குங்கள்: 2 ஆடு, 8 கோழி என்றால் 8 + 16 = 24, 28 வரவில்லை.

படம் பழகிய பிறகு பொருளை மாற்றுங்கள். ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் 9, சக்கரம் 23 என்றால்? 18 போட்ட பிறகு மிச்சம் 5, ஓட்டோவுக்கு ஒன்று ஒன்றுதான் கூட. ஆகவே 5 ஓட்டோ, 4 மோட்டார் சைக்கிள். ‘இரண்டு இரண்டாகக் கொடு’ என்று மனப்பாடம் செய்தவர் இங்கே நின்றுவிடுவார். அடுத்து, ‘10 தலை, 27 கால்’ என்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். ஆட்டுக்கும் கோழிக்கும் கால் இரட்டை எண், கூட்டினால் 27 வராது என்று எந்தப் பிள்ளை முதலில் சொல்கிறது என்று பாருங்கள். கடைசியில் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் கணக்கு எழுதிக் கொடுக்கட்டும். முடியாத கணக்கை எழுதிவிட்டு அவர்களே கண்டுபிடிப்பது, இருபது கணக்குச் செய்வதை விடப் பெறுமதி.

கேள்வி: ‘பைக்குள் சிவப்பு, பச்சை, மஞ்சள் மூடிகள் ஐந்து ஐந்து. பார்க்காமல் எடுத்தால், ஒரே நிறத்தில் இரண்டு நிச்சயமாகக் கிடைக்க ஆகக் குறைந்தது எத்தனை எடுக்க வேண்டும்?’ விடை 4 என்று இருக்கிறது. பிள்ளை 2 என்கிறது. இரண்டிலேயே கிடைக்கலாம்தானே? (வாசகி, களுவாஞ்சிகுடி)

கிடைக்கலாம். ஆனால் கேட்டிருப்பது ‘நிச்சயமாக’. இந்தச் சொல்லைத் தாண்டி ஓடுவதால்தான் இந்தக் கணக்கு எல்லா வயதிலும் பிழைக்கிறது.

பேசி விளங்கப்படுத்துவது கடினம், விளையாட்டாக்குங்கள். பதினைந்து போத்தல் மூடிக்கு நிறம் பூசுங்கள். இம்முறை மூடியை எடுக்கிறவர் நீங்கள், அதுவும் பையைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைக்குச் சோடி கிடைக்கவே கூடாது என்ற பிடிவாதத்தோடு. முதலில் சிவப்பு, பிறகு பச்சை, பிறகு மஞ்சள். மூன்று முடிந்தது, சோடி இல்லை. நாலாவதாக எதை எடுத்தாலும் உங்களுக்குத் தோல்வி. ‘நிச்சயமாக’ என்றால் எதிராளி எவ்வளவு முயன்றாலும் தடுக்க முடியாத இடம் என்பது அப்போது பிள்ளைக்குப் பிடிபடும்.

விளங்கியதா என்று பார்க்க, கேள்வியைத் திருப்புங்கள்: ‘வேறு வேறு நிறத்தில் இரண்டு நிச்சயமாகக் கிடைக்க?’ பிடிவாதக்காரர் ஐந்து சிவப்பையும் எடுத்துவிடலாம். ஆறாவது வேறு நிறமாகத்தான் இருக்க வேண்டும். விடை 6. பழைய 4ஐயே சொன்னால் விளையாட்டை இன்னொரு தரம் ஆடுங்கள்.

கேள்வி: மூன்றுக்கு மூன்று கட்டத்தில் எத்தனை சதுரம்? எப்போதும் ஒன்பது அல்லது பத்து என்றே வருகிறது. (ஏறாவூர் வாசகர்)

ஒன்பது சின்னதும் ஒரு பெரியதும் பிள்ளை கண்டுவிடுகிறது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் இரண்டுக்கு இரண்டு சதுரங்களைத்தான் விட்டுவிடுகிறது. ‘இந்தக் கட்டத்தை எண்ணிவிட்டேனே, மீண்டும் எப்படி எண்ணுவது’ என்ற தயக்கம் அது. மட்டையொன்றில் இரண்டுக்கு இரண்டு அளவில் ஓட்டை வெட்டிக் கட்டத்தின் மேல் நகர்த்தச் சொல்லுங்கள். நான்கு இடத்தில் நிற்கும். 9 + 4 + 1 = 14. மனப்பாடம் செய்யத் தொடங்கினால், ஒரு மூலைக் கட்டத்தைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுக் கேளுங்கள்: சின்னது 8, இரண்டுக்கு இரண்டு 3, பெரியது இல்லை. 11.

கேள்வி: விடை தெரியாவிட்டால் ஊகித்துப் போடச் சொல்வதா, வெறுமையாக விடச் சொல்வதா? (தாய் ஒருவர், திருக்கோவில்)

புள்ளி போடும் முறையை முதலில் பாருங்கள். நமது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் பிழைக்குப் புள்ளி கழிவதில்லை; ஒன்றையும் வெறுமையாக விடக் கூடாது. பல நாடுகளில் நடக்கும் ‘கங்காரு’ என்ற கணிதப் போட்டியின் வழமை வேறு. 1978 முதல் நடக்கும் அவுஸ்திரேலியக் கணிதப் போட்டியைப் பின்பற்றி 1991இல் பிரான்சில் தொடங்கியது அது, பெயரும் அதனால்தான். வினாக்கள் 3, 4, 5 புள்ளி என மூன்று பகுதியாக வரும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து தெரிவுகள். பல நாடுகளில் பிழை விடைக்கு அந்த வினாவின் புள்ளியில் காற்பங்கு கழியும். யாரும் பூச்சியத்துக்குக் கீழே போகாமல் இருக்க, 24 வினா என்றால் தொடக்கத்திலேயே 24 புள்ளி கொடுத்துவிடுவார்கள்.

4 புள்ளி வினாவில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து முறை ஊகித்தால், சராசரியாக ஒருமுறை சரி, நாலுமுறை பிழை: 4 வரும், நாலு ஒன்று போகும், கையில் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு தெரிவு நிச்சயமாகப் பிழை என்று தெரிந்து வெட்டிவிட்டால், மூன்று முறைக்கு ஒருமுறை சரி: 4 வரும், 2 போகும். ஆகவே இரண்டை வெட்ட முடிந்தால் போடட்டும், ஒன்றையும் வெட்ட முடியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போகட்டும். கழிவு உண்டா என்பதை விண்ணப்பத்தோடு வரும் விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள். போட்டிக்குப் போட்டி மாறும்.

கேள்வி: அபகஸ் வகுப்புக்கு விட்டால் போட்டிக்கு உதவுமா? ஒரு நாளைக்கு எத்தனை கணக்குக் கொடுக்கலாம்? (தந்தை ஒருவர், வாழைச்சேனை)

அபகஸ் பெருக்கலை வேகமாக்கும். மேலே வந்த கணக்குகளில் வேகம் தேவைப்பட்டது ஒன்றிலாவது உண்டா? எண்கள் எல்லாம் முப்பதுக்குள். பிள்ளைக்கு விருப்பம் என்றால் விடுங்கள், போட்டிக்காக என்றால் வேண்டாம்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு, பதினைந்து நிமிடம். ரியூஷன் விட்டு வந்த களைப்பில் இருபது கணக்குத் தாளை நீட்டினால் பிள்ளை மீண்டும் எண்ணைப் பொறுக்கத் தொடங்கிவிடும். பத்து நிமிடத்தில் வராவிட்டால் விடையைச் சொல்லாமல் தாளை மூடி வையுங்கள், மறுநாள் அதே கணக்கைத் திறக்கலாம். அப்போதும் வராவிட்டால் எண்களைச் சின்னதாக்கிக் கொடுங்கள். விடை வந்த கணக்குக்கும் ‘எப்படித் தெரியும்?’ என்று கேட்க மறக்காதீர்கள். பிழைக்கு மட்டும் அந்தக் கேள்வி வந்தால், கேட்டவுடன் பிள்ளை விடையை மாற்றிவிடும்.