டனல் 'ஆக்டிவ்' என்கிறது, பிங் மட்டும் போகவில்லை

கேள்வி: வீட்டுக் கணினிக்கும் அலுவலகக் கணினிக்கும் இடையே வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருளில் டனல் (இணையத்துக்குள் ஒரு தனிப் பாதை) போட்டிருக்கிறேன். இரண்டிலும் 'ஆக்டிவ்' என்றே வருகிறது. ஆனால் எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கப் பிங் அடித்தால் பதில் இல்லை. வீட்டு ரவுட்டரில் 51820 போர்ட்டையும் திறந்துவிட்டேன். தெரிந்தவர் ஒருவர், இரண்டு கணினியின் கீயையும் அனுப்பினால் தானே சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பவே அனுப்பாதீர்கள். ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு கீ உண்டு: ரகசியமான பிரைவேட் கீ, வெளியே கொடுக்கக்கூடிய பப்ளிக் கீ. பிரைவேட் கீ என்பது '=' குறியில் முடியும் 44 எழுத்து. அது எந்தக் கணினியில் உருவானதோ அதைவிட்டு வெளியே வரக் கூடாது. எதிர்முனைக்குப் போக வேண்டியது பப்ளிக் கீ மட்டும்தான். பிரைவேட் கீயைக் கேட்பவருக்கு ஒன்று வேலை தெரியாது, அல்லது நோக்கம் சரியில்லை. ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அந்தக் கீயை அழித்துப் புதிதாக உருவாக்குங்கள். 'டனல் எதற்கு, ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை நேரடியாகத் திறந்துவிடலாம்' என்று சொல்பவர்களையும் கிட்டே சேர்க்காதீர்கள். அந்தப் போர்ட்டைத் தேடியே இணையம் முழுக்க இரவும் பகலும் ஸ்கேன் நடக்கிறது.

இனி உங்கள் சிக்கல். 'ஆக்டிவ்' என்றால் உங்கள் பக்கத்துக் கதவு திறந்திருக்கிறது, அவ்வளவுதான். பார்க்க வேண்டியது, இரு முனையும் கடைசியாக எப்போது கைகுலுக்கின என்று காட்டும் 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' என்ற வரி. அது இருந்தும் பிங் போகவில்லை என்றால் பெரும்பாலும் விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுக்கிறது, அல்லது எந்தெந்த முகவரிகள் டனல் வழியே போகலாம் என்று சொல்லும் 'அலவ்டு ஐபிஸ்' தப்பு. அங்கே எதிர்முனையின் டனல் முகவரியை மட்டும், 10.8.0.2/32 என்பதுபோல, எழுதுங்கள். எங்கிருந்தோ நகலெடுத்த 0.0.0.0/0 இருந்தால் உங்கள் இணையப் போக்குவரத்து மொத்தமும் டனலுக்குள் போய் முட்டி நிற்கும்.

ஹேண்ட்ஷேக் வரியே இல்லையென்றால், எதிர்முனையின் விவரம் எழுதும் 'பியர்' பகுதியில் எதிர்முனையின் பப்ளிக் கீக்குப் பதில் உங்களுடையதையே ஒட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து, தகவல் அனுப்பும் முறைகள் இரண்டு: யுடிபி, டிசிபி. ரவுட்டரில் போர்ட்டைத் திறந்தது யுடிபிக்கா டிசிபிக்கா? யுடிபிதான் வேண்டும். 'போர்ட் செக்' தளங்கள் 'குளோஸ்டு' என்று சொல்வதை நம்பாதீர்கள். அவை பெரும்பாலும் டிசிபியைத்தான் சோதிக்கின்றன. அதோடு, சரியான கீ இல்லாமல் யார் தட்டினாலும் வயர்கார்ட் வாயே திறக்காது.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஹேண்ட்ஷேக் வரவில்லையா? ரவுட்டரின் வேன் (இணையப் பக்கத்து) முகவரியையும், 'வாட் இஸ் மை ஐபி' தளம் காட்டும் முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறாக, ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கும் எண் இருந்தால், ஒரே பொது முகவரியை உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்குபோட்டிருக்கிறது. சிஜிநாட் என்பது இதுதான். அப்போது நீங்கள் போர்ட் திறந்து பயனில்லை, பூட்டு அவர்கள் கையில். இணைப்பு கொடுக்கும்போது இதைச் சொல்வதில்லை. கேட்டால் 'ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்பார்கள். எத்தனை பேருடைய எத்தனை நாள் இப்படி வீணாகிறது!

ஆனால் இரு முனைக்கும் பொது முகவரி தேவையில்லை, ஒன்றுக்கு இருந்தாலே போதும். அலுவலகத்துக்கு இருந்தால் போர்ட்டை அங்கே திறக்கச் சொல்லுங்கள். வீட்டுக் கணினியில் 'எண்ட்பாயிண்ட்' இடத்தில் அலுவலக முகவரியும் 51820-உம், கூடவே 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' 25-உம் கொடுங்கள். 25 விநாடிக்கு ஒருமுறை ஒரு சின்ன பாக்கெட் போய் வழி அடையாமல் பார்த்துக்கொள்ளும். வீட்டில் எந்தப் போர்ட்டும் திறக்க வேண்டாம். இரண்டு பக்கமும் சிஜிநாட் என்றால், பொது முகவரியுள்ள சின்ன வாடகை சர்வர் ஒன்றை நடுவில் வைத்து, ஒரு முனையிலிருந்து வருவதை மறுமுனைக்குக் கடத்தும் ஐபி ஃபார்வர்டிங்கை அதில் இயக்கி, இரண்டையும் அதனுடன் இணையுங்கள். அப்போது மட்டும் இரு கணினியிலும் அலவ்டு ஐபிஸ் 10.8.0.0/24 என்று இருக்கட்டும்.

அலுவலக முகவரி அடிக்கடி மாறுமானால் எண்ட்பாயிண்ட்டில் எண்ணுக்குப் பதில், மாறும் முகவரியைப் பின்தொடரும் டைனமிக் டிஎன்எஸ் பெயரைக் கொடுக்கலாம். வயர்கார்ட் அந்தப் பெயரை டனல் தொடங்கும்போது ஒரே முறைதான் விசாரிக்கும். முகவரி மாறிய பிறகு டனலை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள்.