மயிரிழையில் தப்பிய பிறகு மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா?

நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு இறங்கும்போது, இடப்பக்க வளைவில் நடுக்கோட்டைத் தாண்டி, எதிரே ஏறிவந்த பஸ்ஸிடமிருந்து மயிரிழையில் தப்பியிருக்கிறீர்கள். இனி ஓட்டுவதா, விடுவதா என்று கேட்கிறீர்கள். உயிரோடு இருக்கிறீர்களே, அதுவே பெரிய நிம்மதி. முடிவை இந்த வாரமே எடுக்காதீர்கள்.

பயத்தைவிட, அன்று நடந்ததன் காரணம்தான் முக்கியம். நம் நாட்டில் இடப்புறமாக ஓட்டுகிறோம். இடப்பக்க வளைவில் வேகம் மிஞ்சினால், வண்டி நேராக எதிர்ப்பாதைக்குள் போய்விடும். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீற்றர் ஓடுகிறது. கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அவ்வளவு தூரம் கடந்துவிடும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. ஈரத் தாரில் இன்னும் அதிகம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கீழ் கியரில் இறங்கியிருந்தால் அது நடந்திருக்குமா? நடந்திருக்காது என்றால், திருத்தக்கூடிய தவறுதான், தாராளமாக ஓட்டலாம்.

கண்ணையும் பழக்க வேண்டும். பயந்தவர் பஸ்ஸையே வெறித்துப் பார்ப்பார். பார்க்கும் பக்கமே வண்டியும் போகும். போக வேண்டிய பாதையைப் பார்த்து, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள். வாரக்கணக்கில் பழகியும் வளைவைக் கண்டதும் தோள் விறைத்துக் கை இறுகினால், விட்டுவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. கண்டிக்கும் ஹட்டனுக்கும் பஸ் ஓடுகிறது. எப்படியானாலும், உங்கள் மேல் உங்களுக்கே நம்பிக்கை வரும்வரை பிள்ளைகளைப் பின்னால் ஏற்றாதீர்கள்.