பாடக்குறிப்புகளைப் படிக்காத கணினி

அன்புள்ள ஐயா,

பார்வையற்ற என் மகள் வேலூரில் இளங்கலைத் தமிழ் படிக்கிறாள். மடிக்கணினியில், திரையில் உள்ளதை உரக்கப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பான் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஆங்கிலத்தை நன்றாகப் படிக்கிறது. கல்லூரியில் தரும் தமிழ்க் குறிப்புகளை மட்டும் ஆங்கில எழுத்துகளாக உளறுகிறது. சில கோப்புகளைத் திறந்தால் ஒன்றுமே பேசுவதில்லை. விலை உயர்ந்த மென்பொருள் வாங்கினால் சரியாகுமா?

ஒரு தந்தை, குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

வாங்க வேண்டாம். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் உருவாக்கத் தொடங்கிய என்விடிஏ இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ்க் குரலும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. அந்தக் குரல் கரகரப்பாகத் தோன்றினால் விண்டோஸில் உள்ள ‘வள்ளுவர்’ குரலை நிறுவி, என்விடிஏ அமைப்பில் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

குறை கோப்புகளில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் கண்ணுக்கு மட்டுமே தமிழ் தெரியும். ‘அம்மா’ என்று நாம் பார்க்கும் இடத்தில் கோப்புக்குள் இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகள். திரைவாசிப்பான் எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளிருக்கும் குறியைத்தான் படிக்கிறது. ஆகவே அது உளறவில்லை, உள்ளதை உள்ளபடியே சொல்கிறது. பேசாத கோப்புகள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்களாக இருக்கும். அவை வெறும் படங்கள்.

முதல் வகையை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றிகளால் யூனிகோடாக, அதாவது தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறிகள் உள்ள பொதுக் குறியீட்டு முறைக்கு, மாற்றிவிடலாம். ஸ்கேன் பக்கங்களைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்துகளாகப் பெறலாம். அச்சு தெளிவாக இருந்தால் நன்றாகவே வரும், மங்கிய ஜெராக்ஸும் கையெழுத்தும் ஏமாற்றும். இலக்கணப் பாடத்தில் ஒரு புள்ளி விழுந்தாலும் பொருள் மாறிவிடுமாதலால், பார்வையுள்ள ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

ஆனால் இந்த வேலையை ஒவ்வொரு வாரமும் உங்கள் மகள் ஏன் செய்ய வேண்டும்? தமிழக அரசு 2010லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 16ஆம் பிரிவு, மாணவரின் தேவைக்கேற்ற ஏற்பாடுகளைச் செய்து தரும் பொறுப்பைக் கல்வி நிறுவனங்கள்மீது வைக்கிறது. நூல்களை இவ்வாறு மாற்றினால் பதிப்புரிமைச் சிக்கல் வரும் என்று யாராவது தயங்கினால், பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு விலக்கு அளித்திருப்பதைச் சொல்லுங்கள். வகுப்பில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே நாளில் அவளுக்கும் பாடம் கிடைக்க வேண்டும். இதைச் சலுகையாகக் கருதித் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை.

கல்லூரி முதல்வருக்கு உங்கள் மகளே எழுத்துமூலம் விண்ணப்பிக்கட்டும். பதில் வராவிட்டால், நகலுடன் வேலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரை அணுகுங்கள். விண்ணப்பத்தில் பொதுவாக உதவி கேட்காமல், யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்புகள் வேண்டும் என்றே குறிப்பிடுங்கள். பழைய குறிப்புகளுக்கு, அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்வதற்கு முன், அதைத் தட்டச்சு செய்த டி.டி.பி. மையத்தில் விசாரியுங்கள், மூலக் கோப்பு பல நேரங்களில் அங்கேயே இருக்கும்.