கணவர் இல்லாத எனக்கு இந்தக் கிருமி எப்படி வந்தது?

கேள்வி: எனக்கு வயது 45. புதுக்குடியிருப்புப் பக்கம். கணவர் 2009இல் போரில் மாத்தளனில் ஷெல் விழுந்து இறந்தார். அதற்குப் பிறகு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துக் கலங்களைப் பார்க்கும் பாப் பரிசோதனை செய்ததில் 'எல்.எஸ்.ஐ.எல்.' என்று வந்தது, எச்.பி.வி.யும் பொசிட்டிவ். யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குத் துண்டு தந்திருக்கிறார்கள். உடலுறவால் பரவும் கிருமி என்று கேள்விப்பட்ட மச்சாள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறா. இது புற்றுநோயா? காலபோக அறுவடை முடியப் போகலாமா?

பதில்: தங்கச்சி, முதலில் மச்சாளின் பார்வைக்குப் பதில் சொல்கிறேன். வன்னியில் எத்தனையோ பெண்களை அடுத்த பரிசோதனைக்குப் போகவிடாமல் வீட்டில் இருத்தி வைப்பது இந்தப் பார்வைதான். எனக்கு அதில் தாங்கமுடியாத கோபம் உண்டு. குடும்பம் நடத்திய பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் ஒருதரமாவது எச்.பி.வி. என்ற இந்த வைரஸ் தொற்றியிருக்கும். அநேகமாக இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை அடக்கிவிடும். சிலரில் அது சத்தமில்லாமல் பல வருடம் கிடந்து, பிறகு பரிசோதனையில் தெரியவரும். எப்போது வந்தது, யாரால் வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. ஆகவே உங்கள் மீதும் பழியில்லை, இறந்துபோன மனிதர் மீதும் பழியில்லை. மச்சாளுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். அவவும் பாப் பரிசோதனை செய்யவேண்டியவதானே?

சரி, ரிப்போர்ட்டுக்கு வருவோம். எல்.எஸ்.ஐ.எல். என்றால் கருப்பைக் கழுத்தின் கலங்களில் இலேசான மாற்றம். இது புற்றுநோய் இல்லை. நோயெதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெண்ணில் இப்படியான மாற்றம் புற்றுநோயாக மாற வழமையாக 15 முதல் 20 வருடம் எடுக்கும். ஆனால் பாப் பரிசோதனை சில கலங்களை மட்டுமே காட்டும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடிய எச்.பி.வி.யும் இருப்பதால் இடத்தையே நேரில் பார்க்கவேண்டும். துண்டு அதற்குத்தான்.

அங்கே செய்வது கொல்பொஸ்கோபி. பாப் எடுத்தபோது படுத்த மாதிரித்தான் படுப்பீர்கள். பெருப்பித்துக் காட்டும் கருவி உடம்புக்கு வெளியேதான் நிற்கும். வினாகிரி போன்ற திரவத்தைப் பஞ்சில் தொட்டுப் பூசுவார்கள், கொஞ்சம் எரியும். மாற்றமுள்ள இடம் வெள்ளையாகத் தெரியும். தேவையென்றால் அரிசியளவு சதை கிள்ளி எடுப்பார்கள். இலேசான மாற்றமே என்றால் பெரும்பாலும் வைத்தியம் தேவையில்லை. ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பரிசோதிப்பார்கள். கடுமையான மாற்றம் என்றால் அந்த இடத்தை விறைக்கப்பண்ணி, மெல்லிய கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பார்கள். அநேகமாக அன்றே வீடு திரும்பலாம். கருப்பையை எடுக்கவேண்டி வருமோ என்று இப்போதே கலங்காதீர்கள்.

அறுவடைக்காகச் சில கிழமை பிந்தினால் ஆபத்தில்லை. ஆனால் திகதி தந்திருந்தால் அதை விடாதீர்கள். அறுவடை முடிய நெல் விற்கவேண்டும், அப்புறம் சிறுபோகம் வந்துவிடும். இடையில் மாதவிடாய் அல்லாத இரத்தப்போக்கோ துர்நாற்றமுள்ள வெள்ளைபடுதலோ வந்தால் திகதி பார்க்காமல் உடனே போங்கள்.

உங்களுக்கு மகள் இருந்தால், 2017 முதல் ஆறாம் தரத்தில் பள்ளிக்கூடத்திலேயே இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். இரண்டு ஊசியும் போட்டாளா என்று பாருங்கள். உங்களுக்கு வந்த தொற்றை அந்த ஊசி மாற்றாது.

போகும்போது பாப் ரிப்போர்ட்டையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோங்கள். மாதவிடாய் நாளில் திகதி விழுந்தால் முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். தனியாகப் போகாதீர்கள், மச்சாளையே கூட்டிக்கொண்டு போங்களேன்.