ரவுட்டரில் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி, ஐபிவி6 மூன்றும் ஓட 512 எம்பி மெமரி காணுமா?

அம்பாறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். இப்போது சொந்த வலையமைப்புக்குள் பாதைகளைப் பரிமாறும் ஓஎஸ்பிஎஃப் மட்டும் ஓடுகிறது, வெளி வலையமைப்புகளுடன் பாதைகளைப் பரிமாறும் பிஜிபியையும் புதிய முகவரி முறையான ஐபிவி6ஐயும் சேர்க்கும்போது பஃபரைக் கூட்டினால் சமாளிக்கலாமா என்று. சமாளிக்க முடியாது. மெமரி போதாமல் போவது வேறு இடத்தில்.

வந்த பாக்கெட் வெளியே போகும்வரை காத்திருக்கும் இடம்தான் பஃபர். அதன் தேவையைப் பெரும்பாலும் லிங்கின் வேகமும் போய்வரும் நேரமும்தான் தீர்மானிக்கும். 100 எம்பிபிஎஸ், 50 மில்லிசெகண்ட் என்றால் 625 கேபி அளவு. ஓஎஸ்பிஎஃப், பிஜிபி போன்ற புரோட்டோகால்கள் தின்பது பாதைப் பட்டியல்களை, அதாவது டேபிள்களை, வைக்கும் மெமரியை. ஓஎஸ்பிஎஃப்புக்கு ஒரு டேட்டாபேஸ், பிஜிபிக்கு ஒரு டேபிள், இரண்டிலும் தேறியவை ரூட்டிங் டேபிளில், பிறகு பாக்கெட்டை அனுப்பும் டேபிளில் இன்னொரு பிரதி. ஐபிவி6 வந்தால் இவை எல்லாம் இன்னொரு தரம்.

2014இல் மட்டக்களப்பில் நான் வேலை செய்த இடத்தில் இரண்டு இணைய இணைப்புகளிலும் முழு பிஜிபி டேபிள், அதாவது இணையம் முழுவதற்குமான பாதைப் பட்டியல், எடுத்தோம். ஒவ்வொன்றும் ஐந்து லட்சம் ரூட் அளவு. மாதக்கணக்கில் பிரச்சினையே இல்லை. ஒரு நாள் விடிய முன்னம் கரண்ட் போய் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் முழு டேபிளையும் அனுப்பத் தொடங்க, கன்சோலில் கேட்ட மெமரி கிடைக்கவில்லை என்று சொல்லும் மாலக்ஃபெயில் வரிகள் ஓடின. பிஜிபி தொடர்பு (செஷன்) விழும், எழும்பும், திரும்ப விழும். கல்முனை, களுவாஞ்சிக்குடிக் கிளைகள் பத்து மணி வரை வேலையின்றி இருந்தன.

பிழை எங்களுடையதுதான். அமைதியான நேரத்தில் மிச்சமிருந்த மெமரியைப் பார்த்துத் திருப்திப்பட்டிருந்தோம். சிஸ்கோவில் ‘ஷோ மெமரி’ அடித்தால் ‘லோயெஸ்ட்’, ‘லார்ஜெஸ்ட்’ என்று இரண்டு நிரல்கள் வரும். ரவுட்டர் எழும்பியதிலிருந்து மெமரி எவ்வளவு கீழே போனது என்பது முதலாவது. துண்டுபடாமல் கிடக்கும் மிகப் பெரிய இடம் இரண்டாவது. மொத்தத்தில் மிச்சம் இருந்தும் அந்தத் துண்டு சிறிதாக இருந்தால் மாலக்ஃபெயில் வரும்.

பிறகு ஒரு பக்கம் டிஃபால்ட் ரூட், அதாவது தனிப் பாதை தெரியாத எல்லாவற்றையும் அனுப்பும் ஒரே பாதை, மட்டும் வாங்கினோம். மற்றப் பக்கத்தில் டிஃபால்ட்டும் அந்த இணைப்பைத் தருபவரின் சொந்த ரூட்டுகளும். ‘சாஃப்ட் ரீகன்ஃபிகரேஷன் இன்பவுண்ட்’ வரியையும் எடுத்துவிட்டோம். வந்த ரூட்டுகளுக்கு அது மேலதிகப் பிரதி வைக்கும்.

சரி, உங்கள் 512 எம்பி. டிஃபால்ட் ரூட் மட்டும் வாங்கினால் தாராளமாகக் காணும். முழு டேபிளுக்குக் காணவே காணாது, இன்று ஐபிவி4 மட்டுமே ஏறத்தாழ பத்து லட்சம் ரூட். பஃபரைத் தொட முன்னம் ‘ஷோ பஃபர்ஸ்’ பாருங்கள். ‘மிஸ்’ என்றால் கையில் பஃபர் இல்லாமல் புதிதாக உண்டாக்க வேண்டி வந்தது, அது கொஞ்சம் ஏறினால் பயமில்லை. பஃபரே கிடைக்காமல் போனதைக் காட்டும் ‘ஃபெயிலியர்’ ஏறிக்கொண்டே போனால் அந்த அளவுப் பஃபரை மட்டும் கூட்டுங்கள். இரவில் ஒருமுறை ரீலோட் செய்து, பாதை பரிமாறும் அடுத்த ரவுட்டர்கள் (நெய்பர்) எல்லாம் வந்தபின் ‘லோயெஸ்ட்’ எவ்வளவு என்று இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.